சாண்ட்விச் கடையில் கை நனைத்தது

பயப்படுவதில் எனக்கு ஓர் ஒழுங்கு கிடையாது. ஏரியில் வாடைக்காற்று திடீரென்று ஏறிப் படகு ஆடும்போது பக்கத்தில் இருப்பவனிடம் தீப்பெட்டி கேட்டிருக்கிறேன். ஆனால் வங்கியில் டோக்கன் மிஷின் முன்னால் நிறுத்தினால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். என் மனைவி இதை நன்றாக அறிந்தவள். அதனால்தான் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க எளாவூர்ப் பக்கம் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், என் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"தபாரு. அங்க போயி ஒண்ணும் துன்னாத. பசிச்சா தண்ணி குடி. தண்ணியும் கேட்டுட்டுக் குடி."

"யாரக் கேட்டுட்டு?"

"என்னக் கேட்டுட்டு."

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது ஒரு வழக்கம். காபி குடிக்கலாம், பிஸ்கட் கடிக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டார் செலவில் சாப்பிட உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். அதைக் கை நனைப்பது என்போம். வாயால் சொல்வதெல்லாம் அப்புறம்தான். பெரியவர் ஒருவர் எழுந்து போய்ச் சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவினால் போதும். அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் மூச்சு விடுவார்கள், அப்பளம் பொரிய ஆரம்பிக்கும். பிடிக்காத இடமென்றால், இறால் தொக்கின் வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தாலும், "இப்பதான் சாப்ட்டு வந்தோம்" என்று எழுந்துவிட வேண்டும். எங்களைத் தவிர, கழுவிய பிறகு இல்லை என்று சொன்ன குடும்பத்தை எங்கள் கரையில் நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் சொன்னால் அடுத்த சம்பந்தம் அந்த வீட்டு வாசலுக்கு லேசில் வராது.

என் மகள் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறாள். கரையில் ஐஸ் போட்ட நண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருப்பாலைவனம் வழியாகப் பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவாள், சில நாள் அதையும் தாண்டி. எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு அவள் ஹாரன்தான் சேவல். முதலில் வந்த சம்பந்தக்காரர்கள் வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். அது பரவாயில்லை, முகத்துக்கு நேரே சொன்னார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் "அதுக்கின்னா, ஓட்டட்டுமே" என்றார்கள். நான் சந்தோஷமாகக் கை நனைத்தேன். ரசம் வரைக்கும் வந்த பிறகு மாப்பிள்ளையின் சித்தப்பா, "கல்யாணத்துக்கு அப்பால ஒரு டிரைவர் போட்டுக்கலாம்" என்றார். நாங்கள் வாயைத் திறந்தபோது, "சாப்ட்ட எலையில குந்திக்கினு பேச்சு மாத்தறீங்களே" என்று எங்களையே திருப்பிக் கேட்டார்கள். அந்தச் சம்பந்தத்தை நாங்கள் முறித்த அன்று மகள் அழவில்லை. வண்டியைக் கழுவினாள். கழுவி முடித்த வண்டியை மறுபடியும் கழுவினாள்.

ஆகவே இந்த முறை அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "நைனா, இந்த வாட்டி நானே கேக்கறேன். அவங்க பதில் சொல்லட்டும். அது வரைக்கும் நீ ஒத்துக்காத. கைய பாக்கெட்ல வெச்சிக்கினு இரு."

"வேட்டியில ஏதும்மா பாக்கெட்டு?"

"அப்ப பேன்ட் போடு."

பேன்ட் போட்டேன். எந்தக் காலத்திலோ தைத்தது. அதில் பாக்கெட்டுக்குள் கையை விட்டால் மூச்சை வெளியே விட வேண்டியிருந்தது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது மாப்பிள்ளைப் பையன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் சுண்ணாம்புக்குளம். அவன் அப்பாவும் எங்களைப் போல வலை இழுத்தவர்தான். பெண் பார்க்க வீட்டுக்கு வந்தால் தெருவே வாசலில் நிற்கும், சரிவரவில்லை என்றால் பெண்ணுக்குத்தான் பேச்சு, அதனால் பொது இடத்தில் பார்க்கலாம் என்று போனில் சொன்னான். எளாவூருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு சாண்ட்விச் கடை இருக்கிறதாம். "அங்க சோறு கெடையாது அங்கிள். காயிதத்துல சுத்திக் குடுப்பாங்க. கை நனையறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றான். எனக்கு அந்த நிமிஷமே பையனைப் பிடித்துப்போனது. என்னைப் போலவே யோசிக்கிறான். அதுதான் ஆபத்து என்று அப்போது தோன்றவில்லை.

குட்டியானையில்தான் போனோம். மகள் வண்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தாள். மனைவி கண்ணாடிக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தாள். நண்டு, பினாயில், மல்லிகை மூன்றும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பொன்னேரி தாண்டுவதற்குள் எனக்குத் தலை சுற்றியது.

கடை முழுவதும் கண்ணாடி. வாசலில் நின்ற வாட்ச்மேன், "லோடு வண்டி முன்னாடி நிறுத்தக் கூடாதும்மா, பின்னாடி லாரி நிக்கற எடத்துக்குப் போ" என்று மகளிடம் சொன்னான். நாங்கள் இருவரும் இறங்கிக்கொண்டோம். அவள் வண்டியைப் பின்னால் எடுத்து, சாலையில் வந்துகொண்டிருந்த ஒரு பேருந்துக்கு வழிவிட்டு, வளைத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு உட்புறம் ஓர் அம்மா உட்கார்ந்து இதையெல்லாம் இமை தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் பையனின் அம்மா என்று சொல்லாமலே தெரிந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல சீட்டு வைத்திருப்பவன் முகம் அப்படித்தான் இருக்கும், கெட்ட சீட்டு வைத்திருப்பவன் முகமும் அப்படித்தான் இருக்கும்.

பையனின் அப்பா எழுந்து, "வாங்க அண்ணாத்தே" என்றார். என் மனைவி பையனின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் ஏரியில் தண்ணீர் எப்படி என்று பேச ஆரம்பித்தார்கள். பையன் பணிவாக என் பக்கம் வந்து, "அங்கிள், இங்க நாமதான் போயி சொல்லணும். உங்களுக்குப் புடிச்சத சொல்லுங்க, அதே மாதிரி கண்ணு முன்னாடி செஞ்சி தருவாங்க" என்றான்.

எனக்குப் பிடித்தது எது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. வீட்டில் வைத்ததைச் சாப்பிடுவேன். ஓட்டலில் பக்கத்து இலைக்காரனைக் காட்டுவேன். இங்கே பக்கத்து இலைக்காரனும் இல்லை, இலையும் இல்லை. சாப்பிட வரவில்லை என்று சொன்னால் கூப்பிட்டவர்களுக்கு மரியாதை இல்லை. சாப்பிட்டால் மகளுக்குத் துரோகம். யோசித்து ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். எதைக் கேட்டாலும் அதிகமாகச் சொல்வது. செய்ய நேரமாகும். அதற்குள் மகள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவாள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தொப்பியும் கையுறையும் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள்.

"சார், அரையா முழுசா?"

"எது?"

"பிரெட் சார்."

எங்கள் ஊரில் பிரெட் என்பது காய்ச்சல்காரன் தலைமாட்டில் இருக்க வேண்டிய பொருள். "எனக்கு ஒடம்பு நல்லாதாம்மா கீது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பின்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் சிரித்தான்.

"முழுசு" என்றேன்.

"கோதுமையா, மைதாவா, பலதானியமா?"

"பலதானியம்." அதில்தான் எழுத்து அதிகம்.

"உள்ள இன்னா சார்? சிக்கன், பனீர், முட்டை?"

"நண்டு இல்லியா?"

"இல்ல சார்."

"அப்ப மூணையும் வையி."

அவள் தொப்பிக்குக் கீழே புருவம் ஏறியது. பையன் என் பின்னால் நின்று, "சூப்பர் அங்கிள்" என்றான். எதற்குச் சூப்பர் என்று தெரியவில்லை. சீஸ் ஒண்ணா ரெண்டா என்றாள். ரெண்டு என்றேன். சூடு பண்ணணுமா என்றாள். நல்லா பண்ணு, அவசரமில்ல என்றேன். பெட்டிக்குள் வைத்தாள். நான் வாசலைப் பார்த்தேன். மகளைக் காணோம். பெட்டி கூவியது, ரொட்டி வெளியே வந்துவிட்டது. அத்தனை சீக்கிரம் சூடாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு காய்கள். பத்துப் பன்னிரண்டு சின்னத் தொட்டிகளில் எல்லாமே நறுக்கி வைத்திருந்தது. அவள் ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்து என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையாட்டுவேன். வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய், எனக்குப் பெயர் தெரியாத ஓர் இலை, கறுப்பாக வளையம் வளையமாக ஒன்று, பச்சையாக வளையம் வளையமாக இன்னொன்று. எளாவூர் செக்போஸ்டில் என் மகளை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அவளுக்காவது என்ன ஏற்றியிருக்கிறாள் என்று தெரியும். என் ரொட்டியில் என்ன ஏறியிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ரொட்டி மூடாது போலிருந்தது.

"சாஸ் இன்னா சார்?"

அவள் மூச்சு விடாமல் ஏழெட்டுப் பெயர் சொன்னாள். ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

"இதுல காரம் எது?"

"மூணு காரம் சார். ஒண்ணு ஸ்வீட்டும் காரமும். ஒண்ணு பொகை வாசனையோட காரம். ஒண்ணு சும்மா காரம்."

ஹெல்மெட்காரன் இருமினான். பையன் "பரவால்ல அங்கிள், மெதுவா சொல்லுங்க" என்றான். எனக்கு வியர்த்தது. அத்தனை ஏசிக் குளிரில் எனக்கு மட்டும் வியர்த்தது. எந்த ஓட்டலில் சங்கடம் வந்தாலும் நான் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. என் வாய் என்னைக் கேட்காமல் அதைச் சொல்லிவிட்டது.

"கை கழுவிட்டு வந்துடறேன்."

சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. கடையின் மூலையில் வாஷ்பேசின் இருந்தது. போய்விட்டேன். குழாயில் திருகு இல்லை. மேலே தட்டினேன், பக்கத்தில் தடவினேன், குனிந்து அடியில் பார்த்தேன். பார்த்தபோது தானாகக் கொட்டியது. நிமிர்ந்தால் நின்றது. அதன் போக்கு பிடிபட்டதும் கொஞ்சம் தைரியம் வந்து, ரோஸ் நிறச் சோப்பை இரண்டு முறை அமுக்கி முழங்கை வரை நுரை போட்டேன். நண்டு நாற்றம் போகட்டும், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மரியாதையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் பையனின் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாயெல்லாம் பல்.

"கொஞ்சம் நகருங்க சம்பந்தி" என்றார்.

நகர்ந்தேன். அதோடு விட்டேனா? "சோப்பு இப்படி அமுக்கணும். கைய அடியில காட்டினா தண்ணி தானா வரும், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொடுத்தேன். அவருக்குப் பின்னால் பையனின் அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வந்து நின்றார். எதற்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கை கழுவ வருகிறார்கள், இங்கே இப்படி வரிசையாகக் கழுவுவதுதான் முறையோ என்று யோசித்துக்கொண்டே சூடான காற்று ஊதும் பெட்டிக்கு அடியில் கையை நீட்டினேன். அது போட்ட இரைச்சலில் திரும்பியபோது என் மனைவியைப் பார்த்தேன்.

அவள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் போனேன். "இன்னா பண்ணிட்டு வர்ற?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"கை கழுவினேன்."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அண்ணாத்தேவாக இருந்த நான் சம்பந்தியானது எப்போது என்பதும் அப்போதுதான் விளங்கியது. மகளிடம் இருந்ததே ஒரு கேள்வி. கை நனையும் முன்னால் கேட்டால் அது கேள்வி. நனைந்த பிறகு கேட்டால் பேச்சு மாற்றுவது. இரண்டாவது சம்பந்தத்தில் பட்டதை மூன்றாவதிலும் அவளுக்குச் செய்து வைத்துவிட்டேன், அதுவும் சோப்பு போட்டு.

தட்டுகள் வந்தன. என்னுடையது ஒரு பெரிய மடவை மீன் நீளத்துக்குக் காகிதத்தில் சுற்றியிருந்தது. சாஸ் எதுவென்று நான் சொல்லாததால் அந்தப் பெண் மூன்று காரத்தையும் போட்டுவிட்டதாகப் பையன் சொன்னான்.

"சாப்டுங்க சம்பந்தி" என்றார் பையனின் அப்பா.

"வயிறு சரியில்ல" என்றேன்.

"அதுக்குத்தான பிரெட்டு. நல்லா கேக்கும்."

"அது மட்டும் இல்ல. இன்னிக்கு விரதம்."

"இன்னா விரதம்?"

"சனிக்கெழம விரதம்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம ஆச்சே."

"நேத்து மறந்துட்டேன். அதான் இன்னிக்கு."

மனைவி மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். பேன்ட் இறுக்கமாக இருந்ததால் அவளுக்குப் பிடி கிடைக்கவில்லை. மறுபடி முயற்சி செய்தாள். அந்த நேரத்தில் மகள் உள்ளே வந்தாள். லாரி நிறுத்தும் இடம் சேறாம், வண்டிக்குக் கல் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு மேஜையைப் பார்த்தாள். பையனின் அப்பா கழுவிய கையில் அழுக்குப் படக் கூடாதென்று இரண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கி வைத்திருந்தார். அவர் மனைவியின் வளையல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"நைனா, உன் சட்டக் கையி இன்னாத்துக்கு ஈரமா கீது?"

நான் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். மிகவும் தாமதம்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு இரண்டாவது சம்பந்தத்தின் அந்த மத்தியானம் ஞாபகம் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையனின் அம்மா தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "சாப்டு கண்ணு" என்றார்.

"எங்க நைனா கழுவிட்டாரு, சரி" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. "நான் இன்னும் கழுவல அத்தே. எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணு கீது. கேட்டுட்டுக் கழுவறேன்."

இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பையனின் அப்பாவுக்கும் தெரியாது போலிருக்கிறது. தூக்கிய கையோடு மனைவியைப் பார்த்தார். என் மனைவி கிள்ளுவதை நிறுத்தினாள்.

மகள் பையனைப் பார்த்துக் கேட்டாள். "நான் வண்டி ஓட்டறேன். கல்யாணத்துக்கு அப்பாலயும் ஓட்டுவேன். டிரைவர் போட்டுக்கலாம், அப்பால பாத்துக்கலாம், அதெல்லாம் வேணாம். சரியா இல்லியானு இப்பவே சொல்லிடுங்க. இல்லனாலும் தப்பில்ல. இதப் பார்சல் கட்டிக்கினு போயிடுவோம்."

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றான் பையன், அவள் முடிக்கும் முன்பே. சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

"நீங்க சொல்லிட்டீங்க. உங்கம்மா ஒண்ணும் சொல்லலியே."

பையனின் அம்மா வளையலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பொம்பளப் புள்ள. விடியறதுக்கு முன்னாடி. லாரிங்களுக்கு நடுவுல."

"ஆமா அத்தே."

"சுண்ணாம்புக்கொளத்துல நாலு பேரு நாலு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க. நான் வண்டிக்குள்ள இருப்பேன். இஞ்சின் சத்தத்துல எனக்குக் கேக்காது."

"எனக்குக் கேக்குமே. நான் வூட்லதான இருப்பேன்."

பையனின் அப்பா, "சாப்டுக்கினே பேசலாமே, ஆறிப்போவுது" என்று ஒரு கையைக் கீழே இறக்கினார். அவர் மனைவி பார்த்த பார்வையில் அந்தக் கை மறுபடி மேலே போனது.

"நீ எப்படி ஓட்டறேனு எனக்கு இன்னா தெரியும்" என்றார் அந்த அம்மா. "ரிவர்ஸ் எடுத்தத மட்டுந்தான் பாத்தேன்."

"வாங்க, காட்டறேன்."

இதை அவள் ஒரு பேச்சுக்குச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அந்த அம்மா எழுந்துவிட்டார். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். இரண்டு பேரும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் குட்டியானை கடைக்கு முன்னால் வந்து, சாலையில் ஏறி, செக்போஸ்ட் பக்கம் போய் மறைந்தது. முன் இருக்கையில் பையனின் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, படகில் முதல் தடவை ஏறியவர் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்.

மீதி நான்கு பேர் மேஜையில். எதிரே சாண்ட்விச்சுகள். சாப்பிடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு ஆண்கள் கழுவியாகிவிட்டது, ஒரு பெண் கழுவிவிட்டு வண்டியில் போய்விட்டார், கல்யாணப் பெண்ணோ கழுவவில்லை. இதற்கு முன்பு எங்கள் கரையில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் அதைப் பார்த்துச் செய்யலாம். நடக்கவில்லை.

"சம்பந்தி" என்று ஆரம்பித்த பையனின் அப்பா நிறுத்திக்கொண்டார். "இல்ல, அண்ணாத்தே. இப்ப உங்கள இன்னானு கூப்புடறது?"

"எதனா ஒண்ணு கூப்புடுங்க. நான் திரும்பிப் பாக்கறேன்."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் பசிக்குது" என்றார். அந்த மனிதரை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்துவிட்டது. பையன் ஐந்தாறு முறை எழுந்து கண்ணாடியருகே போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வந்தான். என் மனைவி என் காதில், "அந்தம்மா வேணாம்னு வந்து சொல்லிச்சினா, நீதான் இன்னிக்கு வண்டி கழுவற" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் வரவில்லை. எதுவும் வராமல் நான் உட்கார்ந்திருப்பது அபூர்வம், அதனால் அவள் இன்னும் பயந்துவிட்டாள்.

வண்டி திரும்பி வந்தது. இந்த முறை வாட்ச்மேன் ஏதோ சொல்ல வந்து, முன் இருக்கையில் இருந்தவர் கையை ஆட்டிய விதத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டான். பையனின் அம்மா இறங்கினார். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. உள்ளே வந்து என் மனைவி பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அண்ணி, அங்க மேல குந்தினா லாரிக்காரன் மூஞ்சி நேருக்கு நேரு தெரியுது" என்றார். "ஒருத்தன் நமக்கு ஒதுங்கி வழி வுட்டான்."

"ஒதுங்குவாங்க" என்றாள் என் மனைவி, எதுவும் கெட்டுவிடக் கூடாதே என்கிற குரலில்.

"செக்போஸ்டாண்ட போலீசுகாரன் நிறுத்தினான். இன்னா லோடுனு கேட்டான்." அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மூடிய தலைப்புக்குள்ளிருந்தே சொன்னார். "'மாமியாரு'ன்னா அண்ணி."

"யாரு சொன்னது?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. போலீஸ்காரன் சொன்னானா, அந்த அம்மா சொன்னாரா, எந்த மாமியார், யாருக்கு மாமியார். பையனுக்குப் புரிந்துவிட்டது. காது வரைக்கும் சிவந்து, காலியான தண்ணீர் டம்ளரைக் குடித்தான்.

"போலீசுகாரன் இன்னா சொன்னான்?" என்று கேட்டார் பையனின் அப்பா.

"உஷாரா கொண்டுகினு போம்மா, ஒடையற சரக்குன்னான்."

மகள் இன்னும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று வாட்ச்மேனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பையனின் அம்மா கொண்டையைச் சுற்றிக்கொண்டே தன் வீட்டுக்காரரிடம், "நான் ஷேர் ஆட்டோல வரல. வண்டி போற வழிதான, என்ன வூட்டாண்டயே எறக்கி வுட சொல்லு" என்றார். பிறகு யோசித்து, "தெரு மொனையில இல்ல. வூட்டு வாசல்ல. ஆரன் அடிச்சிக்கினு" என்றார்.

நாலு பேர் நாலு சொல்வார்கள் என்றாரே, அந்த நாலு பேரும் வெளியே வந்து பார்க்கட்டும் என்கிறாரா? அப்படியென்றால் சரி என்று அர்த்தமா? நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மகள் உள்ளே வந்து எங்களைத் தாண்டி மூலைக்குப் போனதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு தூண் மறைத்தது.

"கழுவறாளா?" என்று கேட்டேன்.

"சும்மாரு."

"கழுவினாளா?"

"கழுவிட்டா. சோப்பு போட்டு."

வண்டியின் முன்னால் மூன்று பேர்தான் உட்கார முடியும். மூன்று பெண்களும் ஏறிக்கொண்டார்கள். பையன் தன் பைக்கில் பின்னாலேயே வந்தான். பையனின் அப்பாவும் நானும் பின்னால் சரக்குத் தட்டில் ஏறி, காலி நண்டுப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, ஆளுக்கொரு காகிதச் சுருளோடு உட்கார்ந்தோம். சுண்ணாம்புக்குளம் சாலையில் திரும்பியதும் ஏரிக்காற்று வந்தது. பெயர் தெரியாத அந்த இலைகள் ஒவ்வொன்றாகப் பறந்து போய்ப் பையனின் பைக் மேல் விழுந்தன. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை, முன்னாலேயே பார்த்து ஓட்டினான்.

"சம்பந்தி" என்றார் அவன் அப்பா. இந்த முறை நிறுத்தவில்லை. "இது உள்ள இன்னா வெச்சிக்கிறாங்க?"

"நான் கேட்டதெல்லாம் வெச்சிக்கிறாங்க."

"நீங்க இன்னா கேட்டீங்க?"

"அது எனக்குத் தெரியாது."

பச்சை வளையம் ஒன்று என் பல்லில் மாட்டியது. அது மிளகாய் என்று கடித்த பிறகு தெரிந்தது. மூன்று காரமும் அதோடு சேர்ந்துகொண்டன. காது அடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மூக்கிலிருந்தும். பையனின் அப்பாவும் தன்னுடையதை வைத்துவிட்டு என்னுடையதில் ஒரு கடி கடித்தார். அவருக்கும் கொட்டியது. அந்த நேரம் பார்த்து மகள் ஹாரனை அழுத்தினாள். ஊருக்குள் நுழைந்துவிட்டோம். அவள் கையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். முன்னால் பையனின் அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தெரிந்தவர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பின்னால் நாங்கள் இரண்டு பேரும் கண்ணீரும் மூக்குமாகப் பெட்டி மேல் ஆடிக்கொண்டு போனோம்.

வண்டி நின்றதும் ஒரு பெரியம்மா தட்டருகே வந்து என்னை அண்ணாந்து பார்த்தார். "பொண்ணப் பெத்தவரா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அழுவாதப்பா. நம்ம புள்ள மாதிரி வெச்சிப் பாத்துப்போம்" என்றார். மிளகாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுப் பட்டதும் நாக்கு எரிந்தது. மூடிக்கொண்டேன்.